ஆகச் சிறந்த ஓட்டம் எந்தப் பெட்டைக் குதிரையுடையது?

குதிரைப் பந்தயம் என்றதும் நம் தோட்டப்புறங்களில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஜாசின், மெர்லிமாவ், பெம்பான் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளன்று நாலு நம்பருக்கும் குதிரைக்கும் பணத்தைக் கட்டிவிட்டு, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய குடும்பத் தலைவர்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சுளிப்பு நியாயமானதே. ஆனால் பணம் கட்டுகிறவனின் கதை வேறு, ஓடுகிற பிராணியின் கதை வேறு. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

அதிலும் பெட்டைக் குதிரைகளைப் பற்றி. 'பெட்டை' என்ற சொல்லைக் கேட்டு யாரும் நெளிய வேண்டாம். ஒட்டகம், குதிரை, கழுதை ஆகியவற்றின் பெண்பாலுக்குப் பெட்டை என்ற பெயரே உரியது என்று தொல்காப்பிய மரபியல் அன்றே வகுத்து வைத்திருக்கிறது. இழிவுப் பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டுக்கும் பந்தயத்துக்கும் உள்ள தொடர்பும் பழையதுதான். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கிறதே, அந்த அம்பாங் சாலை நிலம் ஒரு காலத்தில் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் ஓடுகளம். 1896இல் தொடங்கிய அந்தக் கிளப் 1993இல் சுங்கை பீசியில் புதிய களத்தைத் திறந்தது. சிங்கப்பூரில் 1842இல் தொடங்கிய பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசி ஓட்டத்தோடு முடிவுக்கு வந்தது. தமிழகத்தின் கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடின. 1974இல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் 'இது அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை விளையாட்டு' என்று தீர்ப்பானது. 2024 செப்டம்பரில் அரசு அந்த நிலத்தின் குத்தகையையே ரத்து செய்தது.

சரி, கேள்விக்கு வருவோம். ஆகச் சிறந்த ஓட்டம் எது?

தோற்காததே சிறப்பா?

ஒரு தரப்பு சட்டென்று சொல்லும் பெயர் கின்செம். 1874இல் ஹங்கேரியில் பிறந்த பெட்டை. ஹங்கேரிய மொழியில் அந்தப் பெயருக்கு 'என் செல்வமே' என்று பொருள். 1876 முதல் 1879 வரை நான்கு பருவங்களில் 54 பந்தயங்கள் ஓடி, 54இலும் வென்றது. சொந்த நாட்டில் மட்டும் ஓடிப் பெற்ற பெயரும் அல்ல. ரயில் பெட்டியில் ஏற்றி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் கொண்டு போனார்கள். 1878இல் இங்கிலாந்தின் குட்வுட் கோப்பையை வென்றது. அதே ஆண்டு பாடன்-பாடனில் மட்டும் பிரின்ஸ் கைல்ஸ் என்ற குதிரையோடு சமமாகக் கோட்டைத் தொட்டது. விடுவார்களா? மறு ஓட்டம் வைத்தார்கள். அதிலும் கின்செமே ஜெயித்தது. கூடவே வளர்ந்த ஒரு பூனை இல்லாமல் ரயிலேற மறுக்கும் என்றும் ஒரு கதை உண்டு. ஹங்கேரியர்கள் அதை இன்றும் ஆசையாகச் சொல்கிறார்கள்.

நம் காலத்தில் இதற்கு இணை ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர். 25 ஓட்டம், 25 வெற்றி. 2012 ஜூனில் இங்கிலாந்தின் அஸ்கோட் வரை போய், எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் ஓடியது. வெற்றி உறுதி என்று நினைத்த ஜாக்கி லூக் நோலன் கடைசி நேரத்தில் கையைத் தளர்த்திவிட்டார். பின்னால் வந்த மூன்லைட் கிளவுட் கிட்டத்தட்டப் பிடித்தே விட்டது. தலையளவு வித்தியாசத்தில் தப்பியது. பிறகு பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குதிரை தசை கிழிந்த நிலையில் ஓடியிருக்கிறது. அதன் 25 வெற்றிகளில் மிகச் சிறிய வெற்றியான இதுவே மிகப் பெரிய ஓட்டம் என்று வாதாட இடமுண்டு.

ஆனால் 'தோற்கவே இல்லை' என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் செப்டரை என்ன செய்வது? 1902இல் இங்கிலாந்தில் ஓடிய இந்தப் பெட்டையின் உரிமையாளர் ராபர்ட் சீவியர் பெரிய சூதாடி. தன் பந்தயப் பணத்துக்காகக் குதிரையை ஓய்வில்லாமல் ஓட்டினார். அந்த ஆண்டு 2000 கினீஸ் பந்தயத்தில் ஆண் குதிரைகளைத் தோற்கடித்து, இரண்டே நாளில் 1000 கினீஸையும் வென்றது. டெர்பியில் நான்காவதாக வந்தது. அத்தோடு படுத்துவிடவில்லை, இரண்டு நாள் கழித்து ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. பிறகு செயிண்ட் லெஜரையும் வென்றது. இங்கிலாந்தின் ஐந்து பெரும் பந்தயங்களில் நான்கு, ஒரே பருவத்தில், ஒரே குதிரைக்கு. ஒரு தோல்விக்காக இதைக் கின்செமுக்குக் கீழே வைப்பதா? தோல்வியை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உதறிவிட்டு எழுவதும் ஒரு பெரிய ஓட்டம்தானே!

ஆணோடு ஓடினால்தான் கணக்கா?

அடுத்த தரப்பு சொல்வது: பெட்டைகளுக்குள் ஓடி வென்றால் போதாது, ஆண் குதிரைகளை வெல்ல வேண்டும். இவர்கள் முதலில் காட்டுவது 1915ஐ. அந்த ஆண்டு ரிக்ரெட் என்ற பெட்டை அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் தொடக்கம் முதல் முடிவு வரை முன்னால் ஓடி வென்றது. டெர்பி வரலாற்றில் வென்ற முதல் பெட்டை அதுவே. அடுத்த பெட்டை வெல்ல 65 ஆண்டுகள் ஆயின: 1980இல் ஜெனுயின் ரிஸ்க். 1988இல் வின்னிங் கலர்ஸ். கென்டக்கியில் வென்ற பெட்டைகள் இந்த மூன்றே.

இந்தியாவின் கதை நேர்மாறானது. இந்தியன் டெர்பி 1943இல் பம்பாய் மகாலட்சுமி ஓடுகளத்தில் முதன்முதலாக நடந்தது. வென்றது யார்? பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெட்டை. உரிமையாளர் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட், ஜாக்கி ஆஸ்திரேலியரான எட்கர் பிரிட். அமெரிக்காவில் 40 ஆண்டு காத்திருந்து பெட்டைக்குக் கிடைத்த டெர்பி, இந்தியாவில் முதல் ஆண்டே பெட்டையிடம் வந்துவிட்டது. இந்த மகாராஜா பிறகு சாயாஜிராவ் என்ற ஆண் குட்டியை 28,000 கினீ கொடுத்து வாங்கி உலகத்தின் கண்ணைத் திருப்பினார். அது 1947இல் இங்கிலாந்தின் செயிண்ட் லெஜரை வென்றது. ஜாக்கி அதே எட்கர் பிரிட். சாயாஜிராவைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பிரின்சஸ் பியூட்டிஃபுல் நினைவிருக்கும்?

ஆண்களோடு ஓடும் பெட்டைக்குச் சலுகை உண்டு என்பதை எதிர்த்தரப்பு உடனே எடுத்து வைக்கும். உண்மைதான். கென்டக்கி டெர்பியில் இப்போது ஆண் குதிரை 126 பவுண்டு எடை சுமக்கிறது, பெட்டை 121 பவுண்டு. ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்ந்த எடை இது. ஐந்து பவுண்டு குறைவு என்றால் இரண்டேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். உடல் வலு குறைவு, ஆகவே சுமையும் குறைவு என்பது கணக்கு.

இந்த இடத்தில் நம் பெரட்டுக் களத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1930க்கு முன் மலாயாத் தோட்டங்களில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலைச் சரிவு வந்தபோது அது 40, 32 என்று இறங்கியது. இருட்டோடு எழுந்து அதே பால்மரத்தை வெட்டி, அதே வாளியைத் தூக்கிய பெண்ணுக்குச் சுமையில் ஒரு பவுண்டு குறையவில்லை, கூலியில்தான் குறைந்தது. குதிரைக்கு நினைத்துப் பார்த்த நியாயத்தைக்கூட தோட்டத்துப் பெண்ணுக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ரஃபியன்

ஆண்-பெண் போட்டி என்ற பேச்சுக்கு ஒரு குதிரை உயிரையே கொடுத்திருக்கிறது. ரஃபியன், கறுத்த, உயர்ந்த அமெரிக்கப் பெட்டை. 1974 மே மாதம் முதல் ஓட்டத்திலேயே 15 குதிரை நீளத்தில் வென்றது. பத்துப் பந்தயம், பத்து வெற்றி. அந்தப் பத்திலும் எந்த அளவீட்டுக் கம்பத்திலும் மற்றொரு குதிரை அதற்கு முன்னால் இருந்ததில்லை.

1973இல் பில்லி ஜீன் கிங் என்ற டென்னிஸ் வீராங்கனை பாபி ரிக்ஸைத் தோற்கடித்த ஆட்டம் அமெரிக்காவைக் கலக்கியிருந்தது. அதே சூட்டில் 1975 ஜூலை 6ஆம் தேதி நியூயார்க்கின் பெல்மொன்ட் களத்தில் ரஃபியனையும், அந்த ஆண்டின் கென்டக்கி டெர்பி வெற்றியாளர் ஃபூலிஷ் பிளெஷரையும் தனித்து மோதவிட்டார்கள். இரண்டு குதிரையையும் வழக்கமாக ஓட்டியவர் ஒருவரே, ஜாக்கி ஜசிந்தோ வாஸ்க்வெஸ். எதில் ஏறுவது என்று கேட்டபோது அவர் டெர்பி வெற்றியாளரை விட்டுவிட்டு ரஃபியனைத் தேர்ந்தெடுத்தார். களத்தில் ஐம்பதாயிரம் பேர், தொலைக்காட்சியின் முன் கோடிக்கும் மேற்பட்டோர்.

ரஃபியன் முன்னிலை எடுத்த வேளையில் வலது முன்னங்கால் எலும்பு முறிந்தது. ஜாக்கி இழுத்துப் பிடித்தும் நிற்காமல் ஓடப் பார்த்தது. அன்றிரவு அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் இன்னும் பந்தயத்தில் இருப்பதுபோல் கால்களை உதைத்து, கட்டை உடைத்துக்கொண்டது. மருத்துவர்கள் அதன் வேதனையை முடித்து வைத்தார்கள். பெல்மொன்ட் களத்தின் நடுவிலேயே, மூக்கு வெற்றிக் கோட்டை நோக்கியிருக்கும்படி புதைத்தார்கள். அதன் பிறகு இப்படி இரு குதிரைகளை மோதவிடும் பழக்கமே அமெரிக்காவில் ஏறத்தாழ அற்றுப் போனது. ரஃபியனை முதலிடத்தில் வைக்கிறவர்களின் கண்கலக்கம் புரிகிறது. ஆனால் அந்த மாலையை ஓட்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. மனிதர்களின் வாதத்துக்கு ஒரு பிராணி பதில் சொல்லப் போன கதை அது.

2009இல் அமெரிக்கா மறுபடி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இம்முறை இரண்டு பக்கமும் பெட்டைகள். ரேச்சல் அலெக்சாண்ட்ரா கென்டக்கி ஓக்ஸில் இருபது நீளத்துக்கும் மேல் வென்று, இரண்டு வாரத்தில் பிரீக்னஸில் ஆண்களையும் வென்றது. 1924க்குப் பின் அதை வென்ற முதல் பெட்டை. டெர்பியை வென்ற மைன் தட் பேர்டை ஓட்டிய கால்வின் போரெல், அதைவிட்டு ரேச்சல் மீது ஏறினார் என்றால் பாருங்கள். ஸென்யாட்டாவின் பாணி வேறு. கடைசியில் கிடக்கும், திரும்பிய பிறகு ஒவ்வொன்றாகக் கடந்து வரும். அந்த நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்ற முதல் பெட்டையானது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் பிளேம் என்ற குதிரையிடம் தலையளவில் தோற்றது. 20 ஓட்டத்தில் அந்த ஒன்றே தோல்வி. இவை இரண்டும் கடைசிவரை நேருக்கு நேர் சந்திக்கவில்லை, சண்டை ரசிகர்களோடு நின்றது.

ஆஸ்திரேலியாவின் வின்க்ஸ் தொடர்ந்து 33 பந்தயங்களை வென்று 2019இல் ஓய்வு பெற்றது. காக்ஸ் பிளேட்டை நான்கு முறை வென்றது அதன் மகுடம். நாட்டைவிட்டு வெளியே போய் ஓடியதில்லை என்ற குறை மட்டும் அதன் பின்னாலேயே வரும். ஜப்பானின் அல்மண்ட் ஐ 2018 ஜப்பான் கோப்பையில் 2400 மீட்டரை 2 நிமிடம் 20.6 விநாடியில் ஓடியது.

ஐந்து பெண்களின் பெயர்

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்றால், 2005 மெல்பர்ன் கோப்பைதான். மக்கைபி டீவா 1999இல் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே ஏலத்தில் கேட்ட விலைக்குப் போகாமல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய குட்டி. உரிமையாளர் டோனி சாண்டிக், சூரை மீன் தொழில் செய்பவர். பெயர் வைத்த விதம்தான் அழகு. அவரிடம் வேலை செய்த மோரீன், கைலி, பெலிண்டா, டயான், வனெசா என்ற ஐந்து பெண்களின் பெயர்களில் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைக் கோர்த்தார்கள். அதுவே மக்கைபி டீவா. முதலாளியின் பெயரோ, மகாராணியின் பெயரோ அல்ல.

மெல்பர்ன் கோப்பை 3200 மீட்டர். அதன் விதி, வென்றவனைத் தண்டிக்கும் விதி. சென்ற முறை நன்றாக ஓடினாயா, இம்முறை கூடுதல் எடையைச் சும. 2003இல் டீவா 51 கிலோவோடு வென்றது. 2004இல் 55.5 கிலோ ஏற்றினார்கள், மழையிலும் வென்றது. 2005இல் 58 கிலோ. அதற்கு முன் எந்தப் பெட்டையும் அவ்வளவு எடையோடு அந்தக் கோப்பையை வென்றதில்லை. பத்து நாள் முன்புதான் காக்ஸ் பிளேட்டை வேறு ஓடி வென்றிருந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடியிருந்த களத்தில் ஜாக்கி கிளென் பாஸ் மூன்றாவது முறையாக அதன் மீது கோட்டைக் கடந்தார். ஆணோ பெண்ணோ, மூன்று முறை அந்தக் கோப்பையை வென்ற வேறு குதிரை கிடையாது.

மற்றப் பந்தயங்களில் பெட்டைக்குச் சுமையைக் குறைத்தார்கள். இதற்கு ஆண்டுக்கு ஆண்டு ஏற்றினார்கள். ஏழு கிலோ ஏற்றியும் முடியவில்லை. அன்றே உரிமையாளர் அதற்கு ஓய்வு அறிவித்தார். பயிற்சியாளர் லீ ஃப்ரீட்மேன், இந்தக் களத்திலேயே மிகச் சிறிய குழந்தை எதுவென்று தேடிப் பாருங்கள், இன்னொரு முறை இப்படி ஒன்றைப் பார்க்க அந்தக் குழந்தைக்குத்தான் ஆயுள் போதும் என்ற பொருளில் சொன்னார். அன்று அங்கே கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது இருபது வயதைத் தொட்டுவிட்டார்கள். இன்னும் பார்க்கவில்லை.