காஞ்சி தந்த இதழாளர்

கோயில்களாலும் பட்டுத் தறிகளாலும் புகழ்பெற்ற காஞ்சிபுரத்திற்குத் தமிழ் இதழியல் வரலாற்றிலும் தனியிடம் உண்டு. அவ்விடத்தைப் பெற்றுத் தந்தவர் பேரறிஞர் அண்ணா ஆவார். நாவலராகவும் ஆட்சியாளராகவும் அவரைப் போற்றுவோர் பலர். அரசியல் இதழாளராக அவரை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

15.9.1909இல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்றார். பின்னர் ஈரோடு சென்று, தந்தை பெரியாரின் 'விடுதலை', 'குடி அரசு' ஏடுகளில் பணியாற்றினார். சௌமியன், பரதன் முதலிய புனைபெயர்களிலும் எழுதினார். அங்குப் பெற்ற பயிற்சியோடு சொந்த ஊர் திரும்பியவர், 8.3.1942இல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். அரசியல் கட்டுரையோடு சிறுகதை, தொடர்கதை, இலக்கியத் திறனாய்வு ஆகியனவும் அதில் இடம்பெற்றன. புரட்சிக் கவிஞர் பாரதிதாசனுக்கு 1946இல் ரூ. 25,000 பொற்கிழி வழங்கப்பெற்றதும் அண்ணாவின் முயற்சியாலேயாம். அரசியல் ஏட்டாளர் ஒருவர் கவிஞருக்குச் செய்த இச்சிறப்பு நினைக்கத்தக்கது.

அவ்வேட்டின் உண்மையான சோதனை 1947 ஆகஸ்டில் நேர்ந்தது. விடுதலை நாளைத் துக்க நாளாகக் கொள்ள வேண்டும் எனப் பெரியார் அறிவித்தார். அந்நியர் ஆட்சி அகலும் நாள் மகிழ்ச்சிக்குரியதே என்று அண்ணா தம் இதழில் எழுதினார். தலைவரின் சினத்திற்கும் இயக்கத்தாரின் ஐயத்திற்கும் ஆளாக நேரும் என்பதை அறிந்தே எழுதினார். கருத்து மாறுபாட்டைத் திண்ணைப் பேச்சாக்காமல், தம் பெயரால் அச்சேற்றினார். ஆயினும், தலைவர்மீது கொண்ட மதிப்பைக் கைவிட்டாரல்லர். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது, தலைவர் நாற்காலி பெரியாருக்கெனக் காலியாகவே விடப்பட்டது.

எழுத்திற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 'ஆரிய மாயை' நூலுக்காக 1950இல் ரூ. 700 தண்டம் விதிக்கப்பட, அதனைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தார். 1953இல் கைத்தறித் துணி விலைபோகாது தேங்கி நெசவாளர் வாடியபோது, திருச்சித் தெருக்களில் துணி சுமந்து விற்றார். தறியின் வாட்டம் காஞ்சியில் பிறந்தவருக்கு ஏட்டில் படித்தறியும் செய்தியன்று.

1955 முதல் அவர் எழுதிய 'தம்பிக்கு' மடல்கள் இதழியலில் புதுத்தடம் பதித்தன. நாட்டு நடப்பு, வரவு செலவுத் திட்டம், உலக வரலாறு ஆகிய அனைத்தும் அண்ணன் தம்பியிடம் உரையாடும் பாங்கில் அமைந்தன. தலையங்கத்திற்குரிய பொருள் மடலாக மாறியதால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிறர் படிக்கக் கேட்டு அரசியல் அறிந்தனர்.

பிற்காலத்தில் தாம் தொடங்கிய தமிழ் வார இதழுக்கு அவர் இட்ட பெயர் 'காஞ்சி'. 1967இல் முதலமைச்சரான பின்னரும் அவர் மடல் எழுதுவதை விடவில்லை. கொடுநோய் வாட்டிய நிலையிலும், 1969ஆம் ஆண்டுப் பொங்கல் மலருக்குத் தம்பிக்கு மடல் தந்தார். அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். ஏட்டாசிரியராகத் தொடங்கிய வாழ்வு, ஏட்டிற்கு எழுதிய நிலையிலேயே நிறைவெய்தியது.