கரிசல் மண்ணும் வெளிமானும்

மழையை மாத்திரமே நம்பி வாழும் குடியானவனுக்கு எந்தப் பருத்தி பலன் தரும், ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையின் ஈரத்தை அறுவடை வரையில் கரிசலில் காத்து வைப்பது எங்ஙனம் என்பன போன்ற வினாக்களுக்கு விடை காணும் பொருட்டு, 1901-ஆம் ஆண்டில் சர்க்கார் கோவில்பட்டியில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையை நிறுவியது. அன்று முதல் தலைமுறை தலைமுறையாகப் பொருளும் உழைப்பும் பெற்று வந்த அப்பண்ணை, கருங்கண்ணிப் பருத்தியைச் சீர்திருத்தியும், சோளத்தில் புதிய ரகங்களை உண்டாக்கியும், வானம் பார்த்த பூமிக்குச் செய்திருக்கும் உபகாரம் பெரிது. ஒரு நிலத்தை அறிவதற்குப் பணம் வேண்டும், பணத்தைக் காட்டிலும் பொறுமை வேண்டும் என்னும் உண்மையை இவ்வட்டாரம் நூறாண்டுக்கு மேலாக அநுபவத்தில் கண்டிருக்கிறது.

ஆயினும் அந்த அறிவு பயிரோடு நின்றுவிட்டது. சங்கச் செய்யுட்களில் முல்லை நிலத்து உயிராக உலவும் இரலை, இன்று நாம் வெளிமான் என்று வழங்கும் பிராணி, இத்தகைய வறண்ட சமவெளிகளுக்கே உரிய ஜீவன். ஆணின் கொம்பு முறுக்கேறி நீண்டு வளர்வது. புள்ளிமானின் கொம்பைப் போல் ஆண்டுதோறும் உதிர்வதில்லை. வயதேற ஏற அதன் முதுகு கறுத்து, வயிறு மாத்திரம் வெண்மையாக நிற்கும். தன் எல்லைக்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுக் குவித்து, இது என் நிலம் என்று பிற ஆண்களுக்கு அறிவிக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைப்பதே அதன் தற்காப்பாதலால், கண்ணுக்குத் தடையில்லாத புல்வெளி இல்லையேல் அதற்கு வாழ்வில்லை.

அந்த வெளியைத்தான் மனிதன் படிப்படியாகச் சுருக்கிவிட்டான். வேட்டைத் துப்பாக்கியும், தரிசையெல்லாம் உழவுக்குக் கொணர்ந்த பெருக்கமும் தேசமெங்கும் அதன் கூட்டங்களைக் குறைத்தன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய வல்லநாட்டுக் குன்றையும் முட்காட்டையும் 1987-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதன் பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடியிலுள்ளது அதுவே.

சட்டமும் சரணாலயமும் வந்த பிறகும் ஆராய்ந்து தெளிய வேண்டிய விஷயங்கள் பல உள. விறகுக்கென்று பரப்பப்பட்ட சீமைக்கருவேலையே எடுத்துக்கொள்வோம். புல்வெளியை மூடி மானின் பார்வையை மறைக்கும் அந்த மரத்தை அடியோடு வெட்டியெறிவதே நியாயம் என்று நம் மனம் உடனே தீர்ப்புக் கூறிவிடும். ஆனால் குஜராத்தின் வேளாவதாரில் செய்யப்பட்ட ஆராய்ச்சி, புல் காய்ந்துபோகும் காலத்தில் அம்மரத்தின் நெற்றுக்களே வெளிமானுக்கு ஊட்டந்தரும் உணவாகின்றன என்றும், அவற்றைத் தின்ற மானே விதையைப் புழுக்கையோடு புதிய இடங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது என்றும் காட்டியிருக்கிறது. அப்படியானால் எவ்வளவு மரத்தை, எந்தப் பருவத்தில், எந்தப் பக்கத்திலிருந்து அகற்றுவது? ஆட்டு மந்தையும் மானும் ஒரே புல்லுக்குப் போட்டியிடுவது எம்மாதங்களில்? பயிருக்குள் மான் இறங்கினால் அந்தச் சம்சாரிக்கு நேரும் நஷ்டம் எவ்வளவு? நான்கு வழிச் சாலை அதன் போக்குவரவை எங்கே அறுக்கிறது? நல்லெண்ணம் இவற்றிற்கு விடை தராது. ஆண்டுக்கணக்கில் நின்று எண்ணிப் பார்த்தவர்களே விடை தர இயலும்.

இவ்வாறு பார்ப்பதால் விளையும் நன்மைக்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் எட்டு மாநிலங்களில் பன்னிரண்டு இடங்களிலிருந்து வெளிமானின் புழுக்கைகளைத் திரட்டி, அவற்றிலுள்ள மரபணுவை ஆய்ந்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டனர். வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்று பிரிவுகளாக அந்த இனம் பிரிந்திருப்பதும், ஊரும் வயலும் குறுக்கே கிடந்தபோதிலும் ஆண் மான்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இடம்பெயர்ந்து கூட்டங்களுக்கிடையே உறவைக் காத்து வருவதும் அதனால் புலனாயின. சரணாலயத்தின் வேலிக்கு அப்பாலுள்ள புன்செய்க் காடும் தரிசும் மானின் வாழ்க்கைக்கு உரியவை என்பதை இதற்குமேல் யார் மறுக்க முடியும்?

புலிக்கென்று 1973-இலும் யானைக்கென்று 1992-இலும் தேசியத் திட்டங்கள் பிறந்தன. மலையுச்சியில் வாழும் வரையாட்டுக்குத் தமிழக அரசு 2022-இல் 25.14 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. குளம்புடைய பிராணி ஒன்றுக்கு இவ்வளவு பொருள் ஒதுக்கப்பட்டது மனமாரப் போற்றத்தக்கது. மலைக்குக் கிடைத்த அந்தக் கவனம் சமவெளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கான ஊதியம், வழிகாட்டும் உள்ளூர் ஆயர்களுக்குக் கூலி, ஆய்வுக்கூடச் செலவு: தொடங்குவதற்கு இவையே போதும். பருத்திச் செடியொன்றின் குணம் அறிய நூறாண்டுக்கு மேலாகச் செலவிடத் தயங்காத கரிசல் சீமை, அதே வெயிலில் வாழும் உயிரை அறிவதற்கும் ஒரு பங்கு ஒதுக்குவது தானமன்று, கடமையே ஆகும்.