நானூறு விலாங்குகள்

இரண்டு பக்கமும் ஒத்துப் பேசுகிறவனை விலாங்கு என்கிறோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக அதன்மேல் குற்றச்சாட்டு. அது ஆணா, பெண்ணா என்ற கேள்வி பழமொழிக்குத் தேவைப்படவில்லை. ஐரோப்பியச் சிந்தனைக்குத் தேவைப்பட்டது. பதில் கிடைக்க இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்தத் தாமதத்தின் சரித்திரம் பார்க்கிறவனின் சரித்திரமும்கூட.

அரிஸ்டாட்டிலுக்கு விலாங்கின் வயிற்றில் முட்டையும் அகப்படவில்லை, விந்தும் அகப்படவில்லை. ஆகவே அதற்குப் பால் கிடையாது, ஈர மண்ணின் குடலிலிருந்து தானாக உண்டாகிறது என்று எழுதினார். கேலி செய்வது சுலபம். ஆனால் கண்ணைப் பொறுத்தவரை அவர் நேர்மையாகத்தான் இருந்தார். ஆற்றிலும் ஏரியிலும் பிடிபடும் விலாங்கில் இனப்பெருக்க உறுப்பு முதிர்ந்திருக்காது. கடலுக்குப் புறப்பட்ட பிறகுதான் முழுதாக முதிர்கிறது. காணாததை இல்லாதது என்று கொண்டதே பிசகு.

1777இல் பொலோன்யா நகரத்து உடற்கூற்றாசிரியர் கார்லோ மொண்டினி பெண் உறுப்பை அடையாளம் கண்டார். உடலறையின் நீளத்துக்கு இரு புறமும் ஓடுகிற, ஓரம் சுருக்கு வைத்துத் தைத்த நாடா போன்ற பட்டை அது. வெறும் கண்ணுக்குக் கொழுப்பு என்றே தோன்றும். உருப்பெருக்கிப் பார்த்தால் நுண்ணிய முட்டைகள்.

ஆண் கிடைக்க இன்னும் நூறு வருஷம் பிடித்தது. காரணம் வேடிக்கையானது. பெரிய விலாங்கில் உறுப்பும் தெளிவாக இருக்கும் என்ற தர்க்கத்தில் பெரியதாகப் பார்த்தே அறுத்தார்கள். ஐரோப்பிய இனத்தில் ஆண் ஒன்றரை அடியைத் தாண்டுவது அபூர்வம். கத்தியின் கீழ் வந்ததெல்லாம் பெண். 1874இல் ட்ரியெஸ்ட் நகரில் ஸிமோன் ஸிர்ஸ்கி என்ற போலந்துக்காரர் சிறிய விலாங்குகளை எடுத்துப் பார்த்தார். நாடா இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மடல்கள். விரை இதுதான் என்றார்.

அதைச் சரிபார்க்க 1876 மார்ச்சில் வியன்னாவிலிருந்து ஒரு 19 வயது மாணவன் ட்ரியெஸ்டுக்கு அனுப்பப்பட்டான். பெயர் ஸிக்மண்ட் ஃப்ராய்ட். சுமார் 400 விலாங்குகளை அறுத்தான். மடல்களைக் கண்டான், அவற்றின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தான், முதிர்ந்த விந்தணு ஒன்றையும் காணவில்லை. 1877இல் வந்த கட்டுரையில், ஸிர்ஸ்கி சொன்னது சரியாக இருக்கலாம் என்பதற்கு மேல் அவன் போகவில்லை. பிற்கால ஃப்ராய்டை நினைத்து இதைச் சிலேடையாக்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தயக்கம். 400 உடல்களைத் திறந்த பிறகும் 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொள்கிற அடக்கம் பின்னாளில் அவரிடம் அரிதாகவே தென்படுகிறது.

ஏறக்குறைய அதே சமயம், 1875க்கும் 1878க்கும் இடையில், சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த ப்ரான்சிஸ் டே, இந்திய மீன்களின் பெரும் பட்டியலைப் பகுதி பகுதியாக லண்டனில் வெளியிட்டார். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வாழும் இரண்டு விலாங்கு இனங்களுக்கு, மேலே திட்டுத்திட்டாக இருப்பதற்கும் இல்லாததற்கும், 1831இலும் 1844இலுமே லத்தீன் பெயர்கள் வந்துவிட்டன. காலனிக்கு முதலில் வருவது சரக்குப் பட்டியல்தான்.

பிறகு தெரியவந்தது இன்னும் விசித்திரம். கடலிலிருந்து ஆற்று வாய்க்கு வரும் கண்ணாடி போன்ற குஞ்சு ஆணுமல்ல, பெண்ணுமல்ல. எது என்பது பெரும்பாலும் வளர்கிற இடத்தில் தீர்மானமாகிறது. நெருக்கத்தில் வளர்பவை அதிகமும் ஆணாகின்றன. பண்ணைத் தொட்டிகளில் இதைக் காணலாம். மேல்நீருக்கு ஏறி, கூட்டமில்லாத இடத்தில் பல வருஷம் வளர்பவை அதிகமும் பெண்ணாகின்றன. அரிஸ்டாட்டில் முழுக்கத் தோற்கவில்லை: விலாங்கின் வாழ்க்கையில் பாலற்ற ஒரு பருவம் மெய்யாகவே இருக்கிறது.

இங்கேதான் விஷயம் நம் வாசலுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஏரிகள் பல, ஒன்றின் கலங்கல் இன்னொன்றை நிரப்பும்படி அமைந்தவை. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் இறங்கி வங்கக் கடலுக்குப் போகிறது. நமக்கு அது வடிகால். கடலில் பிறந்து நன்னீரில் வளரும் ஒரு மீனுக்கு அதுதான் ஏறிவரும் பாதை. 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்த வட்டாரம் கார்த் தொழிற்சாலைகளின் நாடாயிற்று. வரத்துக்கால் மேடாகும்போதும், கலங்கலுக்குக் கீழே கான்க்ரீட் சுவர் எழும்போதும், ஓர் இனத்தின் எண்ணிக்கை குறைவதோடு நிற்காது. மேல்நீரை அடைத்தால், பெண் உருவாகிற இடத்தை அடைத்ததாகும்.

முதிர்ந்த விலாங்கு திரும்பக் கடலுக்குப் போகிறது. 1928–30இல் உலகைச் சுற்றிய டென்மார்க்குக் கப்பல் 'டானா' பிடித்த குஞ்சுகளை வைத்து, திட்டில்லாத நம் இனம் சுமத்ராவுக்கு மேற்கே ஆழ்கடலில் முட்டையிடுவதாக ஊகித்தார்கள். அந்தக் கூடலைக் கண்டவர் இன்றுவரை இல்லை. ஆழ்கடலில் நடப்பது நம் கையில் இல்லை. கலங்கலில் ஒரு விலாங்கு ஏறிவர வழி விடுவது நம் கையில் இருக்கிறது.