வட்டிலாப்பம்: கடல் கடந்து வந்த பெருநாள் இனிப்பு

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும், இலங்கை முஸ்லிம்களின் இல்லங்களிலும் பெருநாள் விருந்துக்கு உரிய இனிப்பு வட்டிலாப்பம். இலங்கையில் இதனை வட்டலப்பம் என்பர். இதன் வரலாற்றை அறிய முற்படும்போது, ஏடுகளைவிட அடுக்களைகளே நமக்கு மிகுதியாகச் சொல்கின்றன.

ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். 1796இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இலங்கையின் கரையோரப் பகுதிகள் அவர்கள் வசமிருந்தன. அக்காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரர்களும், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினரும், கைதிகளும் அங்கே கொண்டுவரப்பட்டனர். இன்றைய இலங்கை மலாய் முஸ்லிம்கள் அவர்களின் வழிவந்தோர். முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வேகவைக்கும் 'ஸ்ரீகாயா' என்னும் பண்டம் மலாய் மக்களிடையே இன்றும் உண்டு. வட்டிலாப்பம் அவ்வழி வந்தது என்பதே பரவலான கருத்து.

பெயரோ தமிழாகவே ஒலிக்கிறது. வட்டில் என்பது கிண்ணம். அதில் வேகும் அப்பம் எனப் பொருள் கொள்வது பொருத்தமே. மலாய்ப் பண்டத்துக்குத் தமிழ்ப் பெயர் வாய்த்தது எவ்வாறு? மலாய் ஆண்கள் பலர் தமிழ் பேசும் சோனகக் குடும்பங்களில் மணம் முடித்தனர். இலங்கை மலாய் மொழியின் இலக்கண அமைப்பிலேயே தமிழின் சாயல் படிந்திருப்பதை மொழியியலாளர் சுட்டுகின்றனர். மொழி கலந்த வீட்டில் கைப்பக்குவமும் கலந்திருக்கும் அல்லவா? இரத்தினக்கல் முதலிய வணிகத்துக்காக நம் ஊர்களிலிருந்து இலங்கைக்குச் சென்றுவந்தோர் இரு கரைகளின் அடுக்களைகளையும் நெருங்கச் செய்தனர்.

செய்முறை எளிது, பொறுமைதான் தேவை. அரைக் கிலோ கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, நன்கு ஆறவிட வேண்டும். சூட்டோடு சேர்த்தால் முட்டை திரிந்துவிடும். 10 முட்டைகளை நுரை பொங்காமல் கலக்கி, கருப்பட்டிக் கரைசலையும் இரண்டு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலையும் சேர்த்து, ஏலப்பொடியும் சிறிது சாதிக்காய்ப் பொடியும் தூவி, மீண்டும் வடிகட்ட வேண்டும். கிண்ணத்தில் ஊற்றி, முந்திரி இட்டு, மேலே நீர் சொட்டாதபடி மூடி, மெல்லிய தீயில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆவியில் வைத்தால் போதும். நம் கரையில் கருப்பட்டிக்கு மாறாகச் சர்க்கரை சேர்ப்பாரும் உளர்.

குழம்பு சமைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நாடிழந்து வந்த மக்களின் பண்டம் நம் பெருநாள் பண்டமானது அவ்வாறு பகிர்ந்துண்ட பழக்கத்தால்தான். இன்று பல வீடுகளில் இதன் அளவுகள் மூத்த பெண்களின் கண்ணிலும் கையிலும் மட்டுமே இருக்கின்றன. இப்பெருநாளுக்கு முன் அவர்களருகே அமர்ந்து அவற்றை எழுதிக்கொள்வோம். முதல் கிண்ணத்தை அண்டை வீட்டுக்கு அனுப்புவோம். முட்டை உண்ணாதோர்க்கு அவர்களுக்கு உகந்த வேறோர் இனிப்பை அனுப்புவோம். நம் பிள்ளைகளும் இதைத் தொடர்வார்கள், இன்ஷா அல்லாஹ்.