பழைய சேலைக்கு விலை வந்த வழி

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தளமாக இருந்த ஊர். பக்கத்துத் தூத்துக்குடியை டச்சுக்காரர் 1658இல் கைப்பற்றினார்கள். இந்தக் கரைக்கு முத்தால் பேர் வந்தாலும், நெல்லைச் சீமைத் தறிகளில் நெய்த துணியும் இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. ஆனால் புதுத்துணியை உலகத்துக்கு விற்ற இதே சீமையில், லண்டனில் இருந்ததைப் போலப் பழைய உடைக்கென்றே ஒரு கடைத்தெரு உருவாகவில்லை. புதுத்துணி மலிந்து கிடந்ததுதான் காரணம் என்றால் ஏழைகள் கந்தல் உடுத்தியதற்குப் பதில் இல்லை. உடுத்தியவரின் உடம்பு துணியில் தங்கிவிடுகிறது என்ற எண்ணமே வழியை மறித்தது என்பது என் கருத்து. அந்த உடம்பின் தடத்தை யாராவது அழித்துக் கொடுத்த இடத்தில் மட்டுமே பழந்துணிக்கு விலை பிறந்தது.

தெருவில் பாத்திரக்காரர் செய்த வேலை அதுதான். எவர்சில்வர் தூக்கு ஒன்றுக்கு நாலு சேலை கேட்பார். வீட்டுக்காரம்மா இரண்டில் நிற்பார். பாத்திரக்காரர் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, கிழிசலை எண்ணி, கரையைத் தடவிப் பார்ப்பார். கிழிந்தது பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகும்; நல்லது, உடுத்தியவரை யாரும் அறியாத வேறு ஊர்ச் சந்தைக்குப் போகும். பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர் இன்னும் ஒரு படி மேல். அசல் சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதைச் சுரண்டி உரசிப் பார்த்து, வெள்ளியின் எடையை மனசுக்குள் கணக்கிட்டு விலை சொல்வார். கல்யாணப் புடவையே ஆனாலும் நெருப்பில் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். யார் கட்டியது என்ற கேள்வியும் அந்த உலையோடு போய்விடும்.

கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்களே, பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொள்வதைப் பெருமையாக நினைக்கிறார்களே என்று கேட்கலாம். என் வாதத்துக்கு அதுவும் சான்றுதான். உடுத்தியவர் சாமி என்பதால் அங்கே தடமே விலையாகிறது. முதலாளி வீட்டுப் பழந்துணி வேலைக்காரருக்குப் போனதும் மேலிருந்து கீழே இறங்கிய கொடை. சமமானவர்களுக்குள் நடந்த விற்பனை இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதி 1909இல் வெளிவந்த தொகுதிகளில் இருக்கிறது. வண்ணார்கள் வெளுக்க வந்த துணியைப் பிறருக்கு வாடகைக்கு விட்டதாகவும், பாடை தூக்குவோர் கால் மண்ணில் படாமல் நடக்க அதை விரித்ததாகவும் அவர் எழுதுகிறார். அப்படியானால் அடுத்தவர் துணி கைமாறத்தானே செய்தது? செய்தது, ஆனால் உவர்மண்ணிலும் வெள்ளாவியிலும் தடம் போன பிறகு. இந்த வாடகையைக் கள்ளத்தனம் என்று சொல்லிக் கடப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அறுவடைக் களத்தில் அளந்த நெல்லையும் வீட்டு வாசலில் வாங்கிய சோற்றையும் நம்பியிருந்தவர்களுக்கு அது காசாகக் கிடைத்த வருமானம். தீட்டைத் துவைப்பவர்கள் என்று ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது. அவர்கள் துவைத்ததால்தான் ஒரு துணி இரண்டாவது உடம்புக்குப் போக முடிந்தது. இன்று இன்ஸ்டாகிராமில் பழைய உடை விற்கும் இளைஞர்கள், படத்துக்குக் கீழே துவைத்துத் தேய்த்தது என்று எழுதுகிறார்கள். அந்த வேலையை இங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களை நம் வணிக வரலாறு இன்னும் வணிகர்களாக எண்ணவில்லை.