சாவில்லாத் தேவரும் சாவை அறிந்த வீரரும்

துரோய் நகரத்தை முற்றுகையிட்ட கிரேக்கப் படை, பத்தாண்டு காலம் அதன் மதிலுக்கு வெளியே பாசறை அமைத்துக் கிடந்தது என்பது பழங்கதை. அப்போரைப் பாடும் இலியட் என்னும் காவியமோ பத்தாம் ஆண்டில் நிகழ்ந்த ஏறத்தாழ 50 நாட் செய்தியை மாத்திரமே சொல்கின்றது. அந்நாட்களுள்ளும் களத்திற் போர் நடப்பவை நான்கே. யாவரும் அறிந்த மரக்குதிரைச் சூழ்ச்சி அக்காவியத்தில் இல்லை. நகரம் தீக்கிரையான காட்சி இல்லை. கிரேக்கப் பெருவீரனாகிய அக்கிலீஸ் மாண்ட கதையும் இல்லை. 24 பாகங்களும் 15,000க்கு மேற்பட்ட அடிகளும் கொண்ட ஒரு போர்க்காவியம், போரின் தொடக்கத்தையும் முடிவையும் ஒதுக்கிவிட்டு எதனைப் பாட எழுந்தது?

அதன் முதற் சொல் சினத்தைக் குறிப்பது. அச்சினம் பகைவன்மேற் பிறந்ததன்று. தன் படைத்தலைவன்மேல் அக்கிலீஸ் கொண்ட சினமே அது. படைத்தலைவனாகிய அகமெம்னன், அப்பலோ தேவனின் பூசகனுடைய மகளைச் சிறைப்படுத்தி வைத்திருந்தான். அதனால் வெகுண்ட தேவன் பாசறையிற் கொள்ளைநோயை ஏவவே, அவளைத் தந்தையிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அவளுக்கு ஈடாக, அக்கிலீஸுக்குப் போர்ப்பரிசாக வழங்கப்பட்டிருந்த பிரிசேயிஸ் என்பவளை அகமெம்னன் கவர்ந்துகொண்டான். சிறைப்பட்ட பெண்களைப் பொருளாக எண்ணிப் பங்கிட்ட காலம் அது. பரிசு என்பது வெறும் உடைமையன்று. வீரனுக்கு ஊரவர் அளித்த மதிப்பின் அடையாளம். அதனைப் பறிப்பது முகத்தில் உமிழ்வதற்கு ஒப்பாகும். எனவே அக்கிலீஸ் போரினின்றும் விலகித் தன் கூடாரத்தில் அமர்ந்தான். அவன் விலகியதால் இரு பக்கத்திலும் விழுந்த பிணங்களின் கதையே இலியட்.

இக்காவியம் கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் இன்றுள்ள உருவத்தை அடைந்ததென்பது அறிஞர் பலரின் கருத்து. கிரேக்கர் இதனை ஹோமர் என்னும் புலவருக்கு உரியதாக்கினர். ஆயின், இது ஏட்டில் எழுதிப் படிக்கப்பட்ட பாட்டன்று. வாய்மொழியாகப் பாடிப்பாடி வளர்ந்த மரபில் வந்தது. அமெரிக்க அறிஞர் மில்மன் பரி, 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவிய நாட்டுப் பாணரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, எழுத்தறியாத பாடகர் வழிவழி வந்த சொற்றொடர்களைக் கொண்டு நெடும்பாடல்களை அவ்வப்போதே புனையும் முறையை விளக்கினார். இவ்வாய்வுநெறியைத் துணைக்கொண்டே, இலங்கை அறிஞர் க. கைலாசபதி சங்கச் சான்றோர் செய்யுட்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்புநோக்கித் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய தமது ஆங்கில நூலை 1968இல் வெளியிட்டார்.

வாய்மொழி மரபு பழையதை எளிதில் மறப்பதில்லை. காட்டுப்பன்றியின் கொம்புகளை வரிசையாகத் தைத்த தலைக்கவசம் ஒன்று இலியட்டிலே வருணிக்கப்படுகின்றது. ஹோமர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வழக்கொழிந்த அத்தகைய கவசங்கள், மைசீனிய நாகரிகக் கல்லறைகளிற் கிடைத்துள்ளன. இன்றைய துருக்கி நாட்டின் வடமேற்கில் உள்ள ஹிசார்லிக் மேட்டை 1870களில் ஹைன்றிச் சிலீமன் அகழ்ந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நகரங்கள் அங்கே புதைந்திருந்தமை வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று கி.மு. 1200ஐ ஒட்டி அழிவுற்றதாகும். ஆனால், காவியம் வரலாற்றேடு அன்று. வெண்கல வாளும் இரும்புக் கருவியும், பழைய தேரும் பிற்கால வழக்கமும் அதில் விரவிக் கிடக்கின்றன. தேர்கள்கூடப் பெரும்பாலும் வீரனைக் களத்திற் கொண்டுபோய் இறக்கும் ஊர்தியாகவே வருகின்றன. போரை அவன் நிலத்தில் நின்றே செய்கின்றான்.

அப்போரின் முறை தனித்தன்மை உடையது. ஆயிரவர் மோதினும் புலவன் கண் தனி ஒருவன்மீதே நிலைக்கின்றது. வீரன் தன் குலத்தையும் தந்தை பெயரையும் கூறிப் பகைவனை அழைக்கின்றான். கிரேக்கனாகிய டயோமிடீஸும், துரோய் நகரத்தார்க்குத் துணைவந்த கிளோக்கஸும் அவ்வாறு குலம் உரைத்தபோது, தம் பாட்டன்மார் விருந்தாளிகளாக நட்புப் பூண்டவர் என்பதை அறிந்தனர். உடனே ஈட்டியை நிலத்தில் ஊன்றிக் கைகோத்துக் கவசங்களை மாற்றிக்கொண்டனர். மற்றையோருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. பெயர் சுட்டப்பட்டு மடிவோர் காவியத்தில் இருநூற்றுக்கு மேற்பட்டோர். இவன் இன்ன ஊரான், இவன் வீட்டில் முதிய தந்தை காத்திருக்கின்றான், இவன் புதுமணம் புரிந்தவன் என்று ஒரிரு அடிகளிற் சொல்லிய பின்னரே புலவன் அவனை வீழ்த்துகின்றான். இதில் கிரேக்கன், பகைவன் என்னும் வேறுபாடு இல்லை.

இக்களத்துக்கு மேலே ஒலிம்பஸ் மலையில் தேவர்கள் வாழ்கின்றனர். ஹீராவும் அதீனாவும் கிரேக்கர் பக்கம்; அப்பலோவும் அப்ரோடைற்றியும் போர்த்தேவனாகிய ஏரீஸும் துரோய் பக்கம். அவர்கள் மனிதரைப் போலவே பொறாமைப்படுவர், பொய்யுரைப்பர், சண்டையிடுவர். அதீனாவின் துணைகொண்டு டயோமிடீஸ் ஏரீஸைக் குத்தியபோது, பதினாயிரம் பேர் ஒருங்கே கூவியது போல் அவன் அலறினான். அலறி ஓடித் தந்தையாகிய ஸியூஸிடம் முறையிட்டான். மருந்திட்டதும் புண் ஆறி, முன்போற் செருக்குடன் அமர்ந்தான். பின்னர்த் தேவர்கள் தம்முள் பொருதபோது, அதனைக் கண்டு ஸியூஸ் மகிழ்ந்து நகைத்தான்.

தேவரை இவ்வாறு பாடலாமோ என்று கிரேக்க ஞானியரே பிற்காலத்தில் வெகுண்டனர். தேவர் நகைப்பதும் வீரர் அழுவதும் இளைஞர் செவிக்கு ஆகாவென்று பிளேட்டோ தமது குடியரசு என்னும் நூலிற் கண்டித்தார். ஆயினும் அந்நகைப்பும் அழுகையும் காவியத்தின் அடிப்படையோடு பிணைந்தவை. தேவருக்குச் சாவு இல்லை. சாவு இல்லாதவன் எதனையும் முற்றாக இழப்பதில்லை. ஆதலின் அவர்களது போர் விளையாட்டாகின்றது. மனிதனோ ஒருமுறை விழுந்தால் எழுவதில்லை. அவன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் விலை கொடுத்து வைப்பதாகும்.

இவ்வுண்மையைச் சார்ப்பிடன் என்னும் அரசன் தெளிவாக உரைக்கின்றான். மூப்பும் சாவும் இன்றி என்றும் வாழக் கூடுமாயின் தான் முன்னணியில் நின்று போரிடப்போவதில்லை என்றும், சாவு எவ்வாற்றானும் வருதல் திண்ணமாகையால், நாட்டு மக்கள் அளிக்கும் மதிப்புக்கு ஏற்ப முன்னே சென்று பொருவதே தக்கதென்றும் தன் தோழன் கிளோக்கஸிடம் அவன் கூறுகின்றான். இச்சார்ப்பிடன் ஸியூஸின் மகன். அவனது இறுதிவேளை நெருங்கியபோது தந்தை அவனைக் காப்பாற்ற எண்ணினான். அவ்வாறு செய்தால் ஏனைய தேவரும் தத்தம் மக்களைக் காக்க விழைவர் என்று ஹீரா தடுத்தாள். விண்ணரசனாயினும் ஸியூஸ் அதற்கு இணங்கினான். இரத்தத் துளிகளை மழையாகச் சொரிந்தான். அவ்வொரு பொழுதில், சாவில்லாத் தேவனும் மகனை இழக்கும் தந்தையாகின்றான்.

அக்கிலீஸின் நிலையும் இத்தகையதே. ஊர் திரும்பினால் நெடுவாழ்வு, போரில் நின்றால் குறுவாழ்வும் அழியாப் புகழும் என்ற இரண்டனுள் ஒன்றே அவனுக்கு உரியதென்று தாயாகிய தெற்றிஸ் என்னும் தேவமகள் உரைத்திருந்தாள். தன் கவசத்தை அணிந்து சென்ற உயிர்த்தோழன் பற்றோக்கிளஸ், துரோய் இளவரசனாகிய ஹெக்டரின் கையால் மாண்டபோது, அக்கிலீஸின் சினம் திசை மாறியது. ஹெக்டர் விழுந்தபின் தன் முடிவும் அண்மையில் உண்டென்பதை அறிந்தே அவன் களம் புகுந்தான்.

ஹெக்டரோ புகழுக்காக மட்டும் நின்றவனல்லன். நகர வாயிலில் அவன் மனைவி அன்ட்ரோமக்கி வழிமறித்து அழுதாள். கையிலிருந்த குழந்தை தந்தையின் தலைக்கவசத்தில் ஆடிய குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு அஞ்சிக் கதறியது. பெற்றோர் இருவரும் சிரித்தனர். ஹெக்டர் கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்துப் பிள்ளையை முத்தமிட்டான். துரோய் வீழும் என்பதும், தன் மனைவி அடிமையாவாள் என்பதும் அவன் உள்ளத்துக்குத் தெரியும். தெரிந்தும் கவசத்தை மீண்டும் அணிந்து சென்றான்.

அவனைக் கொன்ற அக்கிலீஸ், உடலைத் தேரிற் கட்டி மண்ணில் இழுத்தான். அடக்கஞ் செய்ய விடாது பல நாள் வைத்திருந்தான். பிணத்துக்குரிய கடனை மறுப்பது கிரேக்கர் அறத்தில் பெருங்குற்றம். இறுதியில், ஹெக்டரின் முதிய தந்தையாகிய பிரயாம் மன்னன், தேவதூதனாகிய ஹேர்மிஸ் வழிகாட்ட, மீட்புப் பொருளுடன் இரவிலே பகைவன் கூடாரம் புகுந்தான். தன் மக்கள் பலரைக் கொன்ற அக்கைகளை முத்தமிட்டான். ஊரில் தனித்திருக்கும் அக்கிலீஸின் தந்தையை நினைவூட்டினான். மகனை எண்ணி முதியவனும், தந்தையையும் தோழனையும் எண்ணி இளையவனும் ஒரே கூடாரத்தில் அழுதனர். பின்னர் ஹெக்டரின் உடலைக் கழுவி எண்ணெய் பூசுவித்து, அக்கிலீஸ் தன் கையாலேயே பாடையிற் கிடத்தினான். அடக்கத்துக்கு எத்தனை நாள் வேண்டுமென்று அவன் வினவ, ஒன்பது நாள் புலம்பல், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் மண்மேடு எழுப்புதல், வேண்டுமாயின் பன்னிரண்டாம் நாள் போர் என்று பிரயாம் விடையிறுத்தான். அக்கிலீஸ் இசைந்தான்.

நகரிலே அன்ட்ரோமக்கியும், தாய் ஹெக்கூபாவும், போருக்குக் காரணமாகக் கூறப்படும் ஹெலனும் முறையே ஒப்பாரி வைக்கின்றனர். ஒருபோதும் தன்னைக் கடிந்து பேசாத மைத்துனன் ஹெக்டர் என்று ஹெலன் அழுகின்றாள். ஹெக்டரின் அடக்கத்தோடு காவியம் முடிகின்றது.

ஏதென்ஸ் நகரின் பெருவிழாவில் ஹோமர் காவியங்களைப் பாடுவோர் போட்டியிட்டுப் பாடினர். அங்கே திரண்டு கேட்டவர் கிரேக்கர்; துரோயை வென்றவரின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கருதியவர். அவர்கள் தம் முன்னோரின் பெரும்போரைக் கேட்க அமர்ந்தனர். இறுதியாக அவர்கள் கேட்டது வெற்றி முழக்கமன்று, பகைவன் வீட்டுச் சாவோலமும் அவனுக்கு எழுப்பிய மண்மேடுமே.