பிழை யாருக்குத் தெரிகிறது? பணிநிலையக் கணினியில் மென்பொருள் ரெய்டு

பணிநிலையக் கணினியின் வன்தட்டுகளை இணைத்து ஆளத் தனியே ஒரு ரெய்டு அட்டை வாங்குவதா, அல்லது அந்த வேலையை இயங்குதளத்திடமே விட்டுவிடுவதா என்ற வழக்கு பழையது. பெரும்பாலும் வேகத்தை வைத்தே அது வாதிடப்பட்டு வந்திருக்கிறது. அந்த அளவுகோல் இன்று காலாவதியாகிவிட்டது. தட்டு பிழை செய்யும்போது அது எந்த அடுக்குக்குத் தெரிகிறது, தெரிந்த அடுக்கால் என்ன செய்ய முடிகிறது என்ற கேள்வியே இவ்வழக்கைத் தீர்க்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரைதான் ரெய்டுக்கு அடித்தளம். பெருங்கணினிகளுக்கான விலையுயர்ந்த ஒற்றைத் தட்டுக்கு மாற்றாக, மலிவான சிறு தட்டுகளைக் கூட்டாக இயக்கலாம் என்றார்கள். அதில் உள்ள ஆபத்தையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினார்கள்: ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்குமென்றால், 100 தட்டுகள் கொண்ட கூட்டில் 300 மணி நேரத்துக்கு ஒன்று விழும், அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் பிரதி எடுத்தலும், இழந்த தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தரவான பேரிட்டியும் வந்தன. இந்தக் கணக்கு தட்டுகள் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் என்று கொள்கிறது. பழுதான தட்டு தன் பழுதைச் சொல்லிவிடும் என்றும் கொள்கிறது. நடைமுறை இந்த இரண்டு எடுகோள்களையும் மதிப்பதில்லை.

முதலில் வேகம். பேரிட்டி என்பது அடிப்படையில் எக்ஸ்-ஆர் கணக்கு. லினக்ஸ் கர்னல் தன்னிடமுள்ள பல கணக்கிடும் முறைகளை ஓட்டிப் பார்த்து, அந்தச் செயலிக்கு எது வேகமோ அதைத் தேர்ந்துகொள்கிறது. இன்றைய செயலியில் அதன் வேகம் நொடிக்குப் பல ஜிகாபைட். சுழலும் தட்டு தருவதோ நொடிக்கு ஏறத்தாழ 250 மெகாபைட். செயலிக்குப் பாரம் என்ற வாதம் இங்கேயே முடிந்துவிடுகிறது. என்விஎம்இ தட்டுகளில் பேரிட்டி வைத்தால் மட்டும் கர்னலின் நிர்வாகச் செலவு கண்ணில் படும். தாய்ப்பலகையோடு வரும் ரெய்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெயர்தான் வன்பொருள், உழைப்பது மையச் செயலியே.

அட்டையின் பக்கம் வலுவான வாதம் ஒன்று உண்டு: அதன் மின்கலம். பேரிட்டி வைக்கும் ரெய்டு 5இல் தரவை எழுதி, பேரிட்டியை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நின்றுவிடும். பின்னொரு நாள் தட்டு ஒன்று விழும்போது, அந்தப் பொய்யான பேரிட்டியிலிருந்து தவறான தரவு பிறக்கும். மின்கலம் உள்ள அட்டை, எழுதி முடியாததை நினைவில் வைத்திருந்து மின்சாரம் திரும்பியதும் முடித்துவிடும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு இயக்கியான எம்டி இதற்கான எழுத்துப் பதிவேட்டைக் கர்னல் 4.4இல்தான் பெற்றது. ஆனால் இதற்கு ஈடாக அட்டை கேட்கும் விலையும் கொஞ்சமல்ல. அது தட்டுகளை மறைத்து, ஒற்றைத் தட்டு என்ற தோற்றத்தை மட்டுமே இயங்குதளத்துக்குக் காட்டுகிறது. அட்டையே பழுதானால், அதே வகை அட்டையைத் தேட வேண்டிய நிலை வரலாம். எம்டி அமைத்த தட்டுகளையோ வேறெந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் எம்டிஆட்ம் கட்டளை அடையாளம் கண்டு சேர்த்துவிடும்.

எம்டிக்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. அதன் ஆதரவாளர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. பிரதி வடிவமான ரெய்டு 1இல் இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. 'சரிசெய்' என்று ஆணையிட்டால் ஒரு பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். எடுத்தது கெட்ட பிரதியாகவும் இருக்கலாம். இது கற்பனை ஆபத்து அல்ல. நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 லட்சம் தட்டுகளை 41 மாதங்கள் கவனித்து 2008இல் வெளிவந்த ஆய்வு, சரிபார்ப்புத் தொகை (தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சிறு எண்) பொருந்தாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் பதிவானதாகச் சொல்கிறது. தட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லித் தவறான தரவைக் கொடுத்தால், அதைப் பிடிக்கத் தனியே ஒரு சாட்சி வேண்டும்.

தட்டு உண்மையைச் சொல்ல முயலும்போதும் சிக்கல் வருகிறது. சாதாரண மேசைக்கணினித் தட்டு, படிக்க முடியாத பகுதியை எதிர்கொண்டால் விடாமல் மீண்டும் மீண்டும் முயலும். ஒரு நிமிடத்தைத் தாண்டியும் முயலக்கூடும். லினக்ஸ் பொறுப்பது இயல்பாக 30 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் கர்னல் இணைப்பை மீளமைக்கும். அப்போதும் தட்டு பதில் சொல்லாமல் கிடந்தால், எம்டி அதைக் கூட்டிலிருந்தே வெளியேற்றிவிடலாம். ஒரே ஒரு பகுதி கெட்டதற்காக முழுத் தட்டும் போகிறது. கூட்டில் மீந்திருக்கும் தட்டிலும் அப்படியொரு பகுதி இருந்தால் மீட்புப் பணியே நின்றுபோகும். சேமிப்பகச் சேவையகங்களுக்கென வரும் தட்டுகள் சுமார் 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடுகின்றன. அந்தப் பகுதியை எம்டி மற்றப் பிரதியிலிருந்து எடுத்துத் திரும்ப எழுதும். தட்டு அனுமதித்தால் இந்தக் காலவரம்பை ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அமைக்கலாம். அனுமதிக்காவிட்டால் கர்னலின் பொறுமையை 180 நொடியாக உயர்த்தலாம். ரெய்டில் 'நல்ல தட்டு திடீரென விழுந்தது' என்ற புகார்களில் கணிசமானவை இந்த இரு எண்களின் பொருத்தமின்மையே என்பது என் கணிப்பு.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் திறந்த மூலமாக வெளியிட்ட இசட்எஃப்எஸ், கோப்பு முறைமையையும் ரெய்டையும் ஒன்றாக்கியது. ஒவ்வொரு தரவுத் தொகுதியின் சரிபார்ப்புத் தொகையும் அத்தொகுதியைச் சுட்டும் இடத்தில் தனியாக இருக்கும். ஆகவே எந்தப் பிரதி பொய் சொல்கிறது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். நல்ல பிரதியைக் கொண்டு கெட்டதைத் திருத்தவும் முடியும். பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதால், மின்தடையால் வரும் பேரிட்டிப் பொருத்தமின்மையும் இல்லை. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் பிரதி வடிவமும் சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கிறது. அதன் ரெய்டு 5, 6 வடிவங்களை அதன் ஆவணங்களே பரிந்துரைப்பதில்லை.

எந்த ரெய்டு நிலையைத் தேர்வது? பணிநிலையத்துக்கு இரு தட்டுப் பிரதியே போதும். பல மேசைக்கணினித் தட்டுகளின் விவரத்தாள், 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படிக்கையில் ஒரு பிழைவரை வரலாம் என்கிறது, அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. இது உச்ச வரம்பு, நடப்பில் குறைவாகவே இருக்கும். ஆயினும் நான்கு பெரிய தட்டுகள் கொண்ட ரெய்டு 5இல் ஒன்றை மீட்க மற்ற மூன்றையும் முழுதாகப் படித்தாக வேண்டும். 20 டெராபைட் தட்டு, நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் தடையின்றி ஓடினாலும் அதற்கு 28 மணி நேரம் ஆகும். அந்நேரத்தில் இன்னொன்று விழுவது தனி நிகழ்வும் அல்ல. ஆய்வாளர் ஷ்ரோடரும் மேலே சொன்ன கார்த் கிப்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு தட்டுகள் மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. அந்த மாற்றங்கள் ஒன்றையொன்று சாராதவையாகவும் இல்லை.

பிழை இயங்குதளத்துக்குத் தெரிந்தால் போதாது, மனிதருக்கும் தெரிய வேண்டும். டெபியன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எம்டி கூட்டுகளை முழுதாகப் படித்துச் சரிபார்க்கிறது. தட்டு விழுந்தால் எம்டிஆட்ம் மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் பல பணிநிலையங்களில் அஞ்சலை வெளியே அனுப்பும் மென்பொருள் அமைக்கப்படுவதே இல்லை. எச்சரிக்கை யாரும் திறக்காத ரூட் அஞ்சல் பெட்டியில் கிடக்கும், அல்லது எங்கும் சேராது. கூட்டை அமைத்த அன்றே எம்டிஆட்மின் சோதனை மடலை அனுப்பிப் பார்க்காதவர் அதை அமைத்து முடித்தவர் ஆகமாட்டார்.

மேலே சொன்ன எந்த அடுக்குக்கும், நீங்கள் அழித்த கோப்பு வேண்டுமென்று அழித்ததா கைதவறி அழித்ததா என்று தெரியாது. இரண்டு தட்டிலும் அது ஒரே கணத்தில் மறையும். எனவே கையில் இரண்டு தட்டுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் ரெய்டே வேண்டாம். இரண்டாவது தட்டைக் காப்புப் பிரதிக்கு வைத்து, வேலை முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். மூன்றாவது வாங்க முடிந்தபின் இசட்எஃப்எஸ் பிரதியைப் பற்றி யோசிக்கலாம்.